மாவுச்சத்தின் செறிவை அளக்கும் முன் கரைசலை ஏன் நீர்க்கச் செய்கிறார்கள்?

குறிப்பிட்ட கன அளவுக் கரைசலில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்பதே அதன் செறிவு. மாவுச்சத்துக்குத் தனி நிறமில்லை என்பதால் அயோடின் கரைசலைச் சேர்க்கிறார்கள். மாவுச்சத்தின் சுருள் வடிவ மூலக்கூறுகளுக்குள் அயோடின் புகும்போது கருநீல நிறம் தோன்றுகிறது. அந்த நிறம் ஏறத்தாழ 600 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை நிறமாலை ஒளிமானி அளக்கிறது.

சிக்கல் அடர்ந்த கரைசலில்தான் எழுகிறது. சன்னலில் தொங்கும் ஒரு திரைக்கும் இரண்டு திரைக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். பத்துக்கும் பதினொன்றுக்கும் தெரியாது, ஏனெனில் இரண்டிலும் அறை இருட்டாகவே இருக்கும். கருவியின் நிலையும் இதுவே: உறிஞ்சல் அளவு 1 என்றால் 10 விழுக்காடு ஒளி மறுபுறம் வருகிறது, 3 என்றால் 0.1 விழுக்காடுதான், அதை நம்பகமாக அளப்பது கடினம். ஆகவே, அயோடின் சேர்க்கும் முன்பே 1 மில்லி லிட்டர் மாதிரியை நீர் விட்டு 10 மில்லி லிட்டராக்கி, கிடைக்கும் அளவீட்டைச் செறிவு தெரிந்த கரைசல்களின் அளவீடுகளோடு ஒப்பிட்டு, விடையை 10ஆல் பெருக்குகிறார்கள். ஒப்பீட்டுக் கரைசலும் அதே வகை மாவுச்சத்தால் ஆனதாக இருப்பது நல்லது (பலரும் மறப்பது இதைத்தான்), ஏனெனில் வகைக்கு வகை விகிதம் மாறும் மாவுச்சத்தின் இரு கூறுகளில் அமைலோசு நீலமாகவும் அமைலோபெக்டின் செவ்வூதாவாகவும் நிறம் காட்டும்.

நீர் சேர்த்தால் மாவுச்சத்தே குறைந்துபோகும் என்று சிலர் எண்ணுகிறார்கள். எடுத்த மாதிரியிலிருந்த மாவுச்சத்து முழுவதும் அப்படியே இருக்க, அது பரவியுள்ள இடம் மட்டுமே பெரிதாகிறது.