கிராக், பூட்டு, கத்தரி: வீடியோ கேம் கேள்வி பதில்

● இணையத்தில் கிடைத்த ரீபேக் (பூட்டு உடைத்துச் சுருக்கிய கேம் பிரதி) ஒன்றை மகன் கம்ப்யூட்டரில் போட்டான். அன்று முதல் ஃபேன் ஓயாமல் சுற்றுகிறது. விண்டோஸ் டிஃபெண்டர் திறக்க மறுக்கிறது. கேமை அன்இன்ஸ்டால் செய்தும் மாற்றமில்லை. என்ன செய்வது?
– திருநெல்வேலி வாசகர்

கேம் போய்விட்டது, அதனுடன் வந்தது போகவில்லை. 2021-இல் அவாஸ்ட் நிறுவனம் கண்டறிந்த ‘கிராக்கனோஷ்’ இப்படித்தான் வேலை செய்தது. ஜிடிஏ 5, ஃபார் கிரை 5, என்பிஏ 2கே19 போன்றவற்றின் கிராக் (பூட்டு உடைத்த) பிரதிகளில் அது ஒளிந்திருந்தது. கம்ப்யூட்டர் அடுத்த முறை சேஃப் மோடில் தொடங்கும்படி மாற்றிவிடும். அந்த நிலையில் ஆன்டிவைரஸ் ஓடாது. அந்த இடைவெளியில் டிஃபெண்டரை அழித்து, விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்திவிட்டு, எல்லாம் நலம் என்று காட்டும் போலி செக்யூரிட்டி ஐகான் ஒன்றை மூலையில் வைத்துவிடும். பிறகு உங்கள் மின்சாரத்தில் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் தோண்டும், அதாவது கம்ப்யூட்டரை ஓயாமல் கணக்குப் போடவைத்து அந்த நாணயத்தைச் சம்பாதிக்கும். அவாஸ்ட் கணக்கில் 2,22,000 கம்ப்யூட்டர்கள், 20 லட்சம் டாலருக்கு மேல் வருமானம்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் ஃபேன் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் சந்தேகம் உறுதிப்படுகிறது. 2024 டிசம்பர் 31-இல் விழித்துக்கொண்ட ‘ஸ்டாரிடோப்ரி’ என்ற மைனர் (நாணயம் தோண்டும் நிரல்), டாஸ்க் மேனேஜர் ஓடுவதைக் கண்டதும் தன்னை நிறுத்திக்கொள்ளும். பீம்என்ஜி டிரைவ், கேரிஸ் மாட் ஆகியவற்றின் போலி ரீபேக்குகள் வழியாக வந்தது அது. டோரண்டில் ஏற்றப்பட்டதோ செப்டம்பரில். பல வாரம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்கியதால், எந்தக் கேமில் இருந்து வந்தது என்று பலருக்கு நினைவில்கூட இருந்திருக்காது.

மைனர் மட்டும் வந்திருந்தால் கரண்ட் பில்லோடு போகும். பிரவுசரில் இருக்கும் குக்கீகளை (நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் சிறு கோப்புகள்) திருடும் நிரலும் சேர்ந்து வந்திருந்தால்தான் ஆபத்து. பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே உங்கள் கணக்கில் நுழைய அந்தக் குக்கீ போதும். 2021-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்திலிருந்து 780 ஜிபி திருடியவர்கள், பத்து டாலருக்கு வாங்கிய குக்கீயை வைத்து ஊழியர்களின் ஸ்லாக் அரட்டைக்குள் நுழைந்ததாகத்தான் சொன்னார்கள். அதனால் வேலையைக் கீழ்க்கண்ட வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் புதிய பாஸ்வேர்டையும் திருடனுக்கே தட்டிக்கொடுப்பீர்கள்.

முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், அல்லது வைஃபையை அணையுங்கள். அடுத்து வேறொரு சுத்தமான போனில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை எல்லாம் மின்னஞ்சல் வழியாகவே மாற்றிவிடலாம் என்பதால் அதுதான் முதலில். மாற்றியதோடு நிற்காமல், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள். திருட்டுக் குக்கீ செல்லாமல் போவது அப்போதுதான். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் கணக்கு இருந்தால் ஸ்டீம் கார்டு (Steam Guard) பகுதியில் எல்லாச் சாதனங்களின் அனுமதியையும் ரத்து செய்து, நீங்கள் உருவாக்காத வெப் ஏபிஐ கீ (வேறு நிரல் உங்கள் கணக்கைக் கையாள உதவும் சாவி) ஏதேனும் இருந்தால் அதையும் நீக்குங்கள். வங்கியில் பணம் குறைந்திருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போய்விடும்.

அதன்பிறகு விண்டோஸ். வேறு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டாலர் தயாரியுங்கள். பழைய டிஸ்க்கிலிருந்து படங்கள், ஆவணங்கள் மட்டும் எடுங்கள். இஎக்ஸ்இ கோப்பு ஒன்றுகூட வேண்டாம். இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ‘என் கோப்புகளை வைத்துக்கொள்’ என்ற ரீசெட் வழியை இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மகனிடம் இதை மட்டும் சொல்லுங்கள். ‘ஆன்டிவைரஸ் தவறாகக் கத்தும், அணைத்துவிட்டுப் போடு’ என்று கிராக்குடன் வரும் குறிப்பு சில நேரம் உண்மையாகவே இருக்கும். கேமின் நிரலை வெட்டி ஒட்டியிருப்பதால் நல்ல கிராக்கைக் கண்டும் ஆன்டிவைரஸ் கத்தத்தான் செய்யும். கெட்டதைக் கண்டாலும் அதே கத்தல்தான். இரண்டையும் பிரித்தறிய உங்களிடம் வழி கிடையாது.

● டெனுவோ இருந்தால் கேம் மெதுவாக ஓடும் என்கிறார்களே?
– கோயம்புத்தூர் வாசகர்

எப்போதும் அப்படி ஆவதில்லை. டெனுவோ, கேம் திருட்டைத் தடுக்க ஆஸ்திரியாவில் பிறந்த தொழில்நுட்பம். 2014-இல் ஃபிஃபா 15-உடன் வெளிவந்தது, 2018 முதல் இர்டெட்டோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஸ்டீம் போன்ற கடையின் உரிமச் சோதனையை யாரும் வெட்டி எடுக்காதபடி அதைச் சுற்றி இன்னொரு காவல் போடுவதுதான் இதன் வேலை. கேமின் சில பகுதிகளைக் குழப்பமான நிரலாக மாற்றி ஓட்டுகிறது. நொடிக்குப் பலமுறை ஓடும் பகுதியில் கேம் தயாரிப்பாளர் அதை நுழைத்துவிட்டால் திரை தடுமாறும், எப்போதாவது ஓடும் பகுதியில் வைத்தால் தெரியவே தெரியாது. 2021-இல் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜில் எதிரிகளைச் சுடும்போது தடுமாற்றம் இருந்தது, கிராக் பிரதியில் அது இல்லை. கேப்காம் பிறகு திருட்டுத் தடுப்பு நிரலைத் திருத்தியதாகக் கூறி அப்டேட் வெளியிட்டது. அந்தத் தடுமாற்றத்தைச் சகித்தவர்கள் பணம் கொடுத்து வாங்கியவர்கள். அதை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

வாங்கும் முன் ஸ்டீம் பக்கத்தின் வலப்புறம் பாருங்கள், டெனுவோ இருந்தால் அங்கே அறிவிப்பு இருக்கும். பல கேம்களில் ஒரு நாளைக்கு ஐந்து கம்ப்யூட்டர் என்ற வரம்பும் உண்டு. லினக்ஸில் விண்டோஸ் கேம்களை ஓட்ட உதவும் புரோட்டானின் பதிப்பை மாற்றி மாற்றிச் சோதித்தால் ஒவ்வொன்றும் புதுக் கம்ப்யூட்டராகக் கணக்கிடப்பட்டு 24 மணி நேரம் பூட்டு விழலாம். தடுமாறினால், வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

● பிளேஸ்டேஷன் 3-ஐ உடைக்க நான்கு ஆண்டுகள் ஆயிற்று. கடைசியில் எப்படி உடைந்தது?
– புதுச்சேரி வாசகர்

சோனியின் பூட்டு நல்ல பூட்டு, பூட்டிய விதத்தில்தான் பிழை. பிஎஸ்3-இல் ஓடும் ஒவ்வொரு நிரலிலும் சோனியின் டிஜிட்டல் கையொப்பம் இருக்க வேண்டும். அந்தக் கையொப்ப முறையில் ஒவ்வொரு முறையும் புதிதாக, யாரும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். சோனி எல்லாக் கையொப்பத்துக்கும் ஒரே எண்ணையே பயன்படுத்தியிருந்தது. அந்த எண்ணும் ரகசியச் சாவியும் நமக்குத் தெரியாத இரண்டு. ஒரே எண்ணில் இட்ட இரண்டு கையொப்பங்கள் கிடைத்தால் இரண்டு சமன்பாடுகள் ஆகிவிடும். பள்ளியில் செய்த ஒருங்கமைச் சமன்பாடுதான், இரண்டும் வெளியே வந்துவிடும். 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் ஹேக்கர் மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற ஹேக்கர் குழு மேடையிலேயே இதை விளக்கியது.

நான்கு ஆண்டுகள் ஏன் ஆயின என்பதற்கு அந்தக் குழு சொன்ன காரணம் கவனிக்கத் தக்கது. முதலில் பிஎஸ்3-இல் லினக்ஸ் போட்டுக்கொள்ள சோனியே அனுமதித்திருந்தது. திறமைசாலிகளுக்கு அது போதுமாக இருந்தது. 2010 ஏப்ரலில் 3.21 அப்டேட் மூலம் அந்த வசதியைப் பிடுங்கிய பிறகுதான் அவர்கள் தீவிரமாக இறங்கினார்கள். பணம் கொடுத்து வாங்கியவரிடமிருந்து ஒரு வசதியைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தத் துறையில் இல்லை.

2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் 7.7 கோடிக் கணக்குகளின் விவரம் களவுபோனதையும் இதையும் பலர் குழப்புகிறார்கள். அது சர்வரில் நுழைந்த திருட்டு, கன்சோல் சாவியை உடைத்தது வேறு.

● சிப் போட்ட (திருட்டுக் கேம் ஓட மாற்றியமைத்த) பழைய நின்டெண்டோ ஸ்விட்ச் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– மதுரை வாசகர்

ஆன்லைனில் ஆடும் எண்ணம் இருந்தால் வேண்டாம். ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் அதற்கே உரிய சான்றிதழ் உள்ளே எரிக்கப்பட்டிருக்கிறது. நின்டெண்டோவின் தடை விழுவது அந்தக் கன்சோல் மீது. கணக்கை மாற்றினாலும், ஃபார்மட் செய்தாலும் போகாது. பணம் கொடுப்பதற்கு முன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு நின்டெண்டோவின் கடையான ஈஷாப்பைத் திறந்து பாருங்கள். 2124-4007 என்ற பிழை எண் வந்தால் தடை விழுந்த பெட்டி. விற்பவர் ‘நெட் இல்லை, வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

● ஒரே கேம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருப்பது ஏன்? இங்கே ஒருமுறை ஸ்டீமே திறக்கவில்லை.
– கிள்ளான் வாசகர், மலேசியா

நீங்கள் சொல்வது 2017 செப்டம்பர். புத்தர், இயேசு எல்லாம் சண்டை போடும் ‘ஃபைட் ஆஃப் காட்ஸ்’ என்ற ஒரே கேமுக்காக மலேசியாவில் ஸ்டீம் கடை முழுவதும் முடக்கப்பட்டது. தளத்தின் முகவரியான டொமைன் பெயரை வைத்துத் தடுத்தால் கடைக்குள் ஒரு பக்கத்தை மட்டும் மறைக்க முடியாது. அந்தக் கேமை மலேசியாவில் விற்காமல் நிறுத்திய பிறகே கடை திறந்தது.

வெட்டும் விதம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களுக்குச் சட்டத் தடை இருப்பதால் 2017-இல் வந்த வுல்ஃபன்ஸ்டைன் 2-இன் ஜெர்மன் பதிப்பில் ஹிட்லருக்கு மீசையே இல்லை. நாஜிகளைக் கொல்வதற்காகவே எழுதப்பட்ட கேம் அது! கலைப் படைப்புக்கு உள்ள விதிவிலக்கைக் கேம்களுக்கும் 2018 ஆகஸ்ட் முதல் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2013 வரை கேம்களுக்கு 18 வயது என்ற தரப்பிரிவே கிடையாது, 15-க்கு மேல் போனால் அனுமதி மறுப்புதான். அதனால் 2008-இல் ஃபால்அவுட் 3-இல் இருந்த மார்ஃபின் ‘மெட்-எக்ஸ்’ ஆயிற்று, அந்த மாற்றம் உலகம் முழுவதற்கும் போயிற்று. சீனாவில் பப்ஜி மொபைலுக்குப் பதில் 2019-இல் வந்த ‘கேம் ஃபார் பீஸ்’-இல் சுடப்பட்டவர் மண்டியிட்டு, தன் பெட்டியை வைத்துவிட்டு, கையசைத்து விடைபெறுவார்.

இந்தியாவில் கேம்களுக்குத் திரைப்படம் போலத் தணிக்கை வாரியம் இருந்ததில்லை. இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் மொத்தமாக முடக்குவார்கள். 2020 செப்டம்பர் 2-இல் முடக்கிய 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜி மொபைல் போனது அப்படித்தான். பப்ஜியின் கிராஃப்டன் நிறுவனம் 2021-இல் பச்சை ரத்தத்தோடு அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ கொண்டுவந்தது, 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம் ஆடும் நேர வரம்போடு திரும்பியது. 69ஏ உத்தரவுகளை ரகசியமாக வைக்க விதி இருப்பதால், ஏன் போனது, என்ன மாறியதால் வந்தது என்று ஆடுபவருக்கு முழுமையாகத் தெரிவதில்லை. மோசமான காரணமாக இருந்தாலும் எழுத்தில் இருந்தால் வாதாடலாம்.

இன்னொரு வகையும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2025 ஜூலையில் ஸ்டீமும், கேம் விற்கும் இட்ச் தளமும் வயதுவந்தோருக்கான பல கேம்களை நீக்கவோ மறைக்கவோ செய்தன. எந்த அரசும் உத்தரவிடவில்லை, கார்டு பணப் பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்கடி. மேல்முறையீடு செய்ய எந்த வாசலும் இல்லாத இந்தத் தணிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

● வீட்டில் கிராக் கேம் ஆடினால் சட்டம் தொடுமா?
– யாரென்று குறிப்பிடாத வாசகர்

தொடும். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவுப்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார நோக்கம் இல்லை என்றால், தக்க காரணம் இருந்தால், சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு.

● பணம் கொடுத்து வாங்கிய கேம் என்றைக்கும் என்னுடையதுதானே?
– சேலம் வாசகர்

பெரும்பாலும் இல்லை. யூபிசாஃப்ட் 2014-இல் விற்ற ‘தி க்ரூ’ கார் பந்தயக் கேமின் சர்வர் 2024 மார்ச் 31-இல் அணைக்கப்பட்டது. தனியாக ஆடும் பகுதிக்கும் சர்வர் தேவைப்பட்டதால் கேமே செத்தது. அந்தக் கோபத்தில் பிறந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

கைவசம் வைத்துக்கொள்ள விரும்பும் கேமை ஜிஓஜி தளத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அங்கே பூட்டில்லாத ஆஃப்லைன் இன்ஸ்டாலர் தருகிறார்கள். பெரிய கேம் என்றால் ஓர் இஎக்ஸ்இ கோப்பும் பல ‘.bin’ கோப்புகளுமாக வரும். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் இறக்குங்கள், ஒன்று குறைந்தாலும் பாதியில் நின்றுவிடும். கேமுக்கான கூடுதல் பகுதிகள் தனி இன்ஸ்டாலர்களாக இருக்கும், அவற்றையும் எடுங்கள். வெளி ஹார்ட்டிஸ்க்கில் ஏற்றியபின் நெட்டை அணைத்துவிட்டு, அந்த டிஸ்க்கிலிருந்தே ஒருமுறை இன்ஸ்டால் செய்து, கேம் முதல் கட்டம் வரை ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.