என்மேப் வைத்திருந்தால் குற்றமா?

கேள்வி: கணினிப் பாதுகாப்புப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் சொன்னபடி லேப்டாப்பில் நெட்வொர்க்கை ஆராயும் என்மேப், நெட்வொர்க்கில் போகும் தரவைப் பார்க்க உதவும் வயர்ஷார்க், பாஸ்வேர்டுகளை உடைத்துச் சோதிக்கும் ஜான் தி ரிப்பர் மூன்றையும் போட்டிருக்கிறேன். "இதெல்லாம் ஹேக்கிங் மென்பொருள். வைத்திருந்தாலே குற்றம், அழித்துவிடு" என்கிறார் அண்ணன். அழித்துவிடவா?
- ஒரு மாணவி

பதில்: அழிக்க வேண்டாம். ஆனால் அண்ணனுடைய பயம் காரணமில்லாதது இல்லை. அவர் சொல்வதற்கு வெகு அருகில் ஒரு சட்டம் வந்திருக்கிறது.

2007 ஆகஸ்டில் ஜெர்மனியின் குற்றவியல் சட்டத்தில் 202சி என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. பிறர் தரவுக்குள் அத்துமீறி நுழைவதையே நோக்கமாகக் கொண்ட மென்பொருளை, அந்தக் குற்றத்துக்கு ஆயத்தமாக உருவாக்கினாலும் வாங்கினாலும் பிறருக்குக் கொடுத்தாலும் தண்டனை. படித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் மென்பொருளுக்கு ஏது நோக்கம்? ஒரு கணினியில் எந்தெந்த போர்ட் (வெளியிலிருந்து தொடர்புகொள்ளும் வாசல்) திறந்திருக்கிறது என்று என்மேப் பார்த்துச் சொல்லும். ஓட்டுகிறவர் நிர்வாகியா திருடரா என்பது அதற்குத் தெரியாது.

நான் நெட்வொர்க் நிர்வாகியாகப் பல ஆண்டுகள் இருந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எங்கள் சர்வர்கள் எல்லாவற்றின் மீதும் என்மேப்பை ஓட்டினேன். ஒரு பழைய சர்வரில் 23-ஆம் போர்ட், அதாவது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் பழைய வழியான டெல்நெட், இன்டர்நெட்டிலிருந்து யாரும் தொடும்படி திறந்து கிடந்தது. டெல்நெட்டில் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே போகும். வயர்ஷார்க்கைப் போட்டுவிட்டு, சக ஊழியர் ஒருவரை உள்ளே நுழையச் சொன்னேன். அவர் தட்டத் தட்ட அவருடைய பாஸ்வேர்டு எழுத்தெழுத்தாக என் திரையில் வந்தது. இரண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை. அன்று மாலையே அந்த போர்ட்டை மூடினோம். அந்தக் கருவிகள் கையில் இல்லாதிருந்தால், வேறு யாரோ கண்டுபிடிக்கும்வரை அது திறந்தே இருந்திருக்கும்.

அதனால்தான் ஜெர்மனியில் அப்போது நடந்தது எனக்கு வருத்தம் தருகிறது. வைஃபை பாதுகாப்பைச் சோதிக்கும் கிஸ்மேக்கை உருவாக்கியவர் அங்கே அந்த வேலையையே நிறுத்திக்கொண்டார். ஜான் தி ரிப்பர் கிடைக்கும் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்ததற்காக, அரசின் தகவல் பாதுகாப்பு அலுவலகத்தின் மீதே ஒரு பத்திரிகை புகார் கொடுத்துப் பார்த்தது. வழக்கு தொடரப்படவில்லை. ஆனால் தனியாக உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிற ஒருவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? திருட வருகிறவன் சட்டப் பிரிவைப் படித்துவிட்டு வருவதில்லை. ஒதுங்கிப் போனது நல்லவர்கள்தான்.

2009 மே மாதம் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ஓரளவு தெளிவு தந்தது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் பயன்படக்கூடியது என்பதாலேயே ஒரு கருவி இந்தப் பிரிவுக்குள் வராது; குற்றம் செய்யும் எண்ணத்தோடே அது உருவாக்கப்பட்டிருக்க வேண்டும், அந்த எண்ணம் வெளிப்படையாகத் தெரியவும் வேண்டும் என்றது. சரி, ஆனால் இடையில் போன இரண்டு ஆண்டுகள்? கணினிக் குற்றங்கள் பற்றி 2001-இல் பல நாடுகள் சேர்ந்து உருவாக்கிய புடாபெஸ்ட் உடன்படிக்கையின் 6-ஆம் பிரிவிலேயே, அனுமதி பெற்ற சோதனைக்கும் கணினிப் பாதுகாப்புக்கும் விலக்கு எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியை ஜெர்மன் சட்டத்துக்குள்ளேயே தெளிவாக எழுதியிருந்தால் இவ்வளவு கலக்கம் வந்திருக்காது.

உங்களுக்கு வருவோம். உங்கள் சொந்தக் கணினியில், கல்லூரி ஆய்வகத்தில் சொல்லிக்கொடுத்த அளவில் ஓட்டுங்கள். வேறு யாருடைய கணினி என்றாலும் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த ஐபி முகவரிகள், எந்தத் தேதி, எதுவரை என்று அதில் இருக்கட்டும். வாய்வார்த்தை போதாது. நல்லெண்ணத்தோடு ஓட்டினேன் என்பது பல நாடுகளில் தற்காப்பாக நிற்காது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டு, அந்தப் பிரிவை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி: பலவீனமான பாஸ்வேர்டுகளைக் கண்டுபிடிக்கும் சிறு மென்பொருள் எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் கொடுக்கலாமா?
- ஒரு வாசகர்

பதில்: கொடுங்கள். ஆனால் அதை எப்படி அறிமுகப்படுத்துகிறீர்கள் என்பது முக்கியம். பிரிட்டனின் 1990 கணினிச் சட்டத்தில் பின்னர் சேர்ந்த 3ஏ பிரிவு, குற்றத்துக்குப் 'பயன்படக்கூடும்' என்று நம்பிக்கொண்டே ஒரு கருவியைக் கொடுப்பதையும் குற்றமாக்குகிறது. "யார் கணக்கையும் திறக்கலாம்" என்று விளம்பரம் எழுதினால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. யாருக்காக எழுதினீர்கள், நிர்வாகி அதை எப்படி ஓட்ட வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே விளக்குங்கள். அப்புறம், கண்டுபிடித்த பாஸ்வேர்டைத் திரையில் காட்டாமல் கணக்கின் பெயரை மட்டும் காட்டும்படி மாற்றிவிடுங்கள். நிர்வாகிக்கு அதுவே போதும்.