நகராட்சி மன்றம் சட்டம் போட முடியுமா? காரைக்குடியை வைத்து ஒரு விளக்கம்

முடியும், ஆனால் சின்னதாக. அதற்குத் துணைவிதி என்று பெயர். குப்பையை எங்கே கொட்டலாம், சந்தையில் கடை எப்படிப் போடலாம் என்கிற மாதிரி, ஊர் எல்லைக்குள் மட்டும் செல்லும் விதி. சாலை போடுவது, ஒப்பந்தம் விடுவது போன்றவற்றுக்கு மன்றத் தீர்மானமே போதும். துணைவிதிக்கு மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும்.

ஏன் இந்தக் கடிவாளம்? மன்றத்தின் அதிகாரமே மாநிலச் சட்டம் கொடுத்ததுதான். 1992-ன் 74-வது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கென 18 துறைகளைப் பட்டியல் போட்டது. அதில் எதை, எவ்வளவு கொடுப்பது என்பது மாநிலத்தின் கையில்.

மன்றம் என்பது வார்டுக்கு ஒரு உறுப்பினர். 2022 தேர்தலில் காரைக்குடியில் 36 வார்டு (2024-ல்தான் ஊர் மாநகராட்சியானது). தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கு. கூட்டத்தில் பொருள் வைக்கப்படும், பேசுவார்கள், சில நாள் சத்தமும் போடுவார்கள், அப்புறம் பெரும்பான்மைப்படி முடிவு. நிறைவேற்றுவது ஆணையர்.

நம் பக்கத்து நகரக் கோயிலை, அதாவது நகரத்தார் சமூகத்தின் கோயிலை, நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் (கோயில் கணக்கில் உள்ள, திருமணமான குடும்பத்தார்) கூடி முடிவெடுப்பார்கள், காரியக்காரர் (நிர்வாகி) நடத்துவார். ஆனால் கூட்டம் தன் கோயில் காரியத்தைத்தான் முடிவு செய்யும், அடுத்த கோயிலுக்கு விதி போடாது. மன்றமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

தலைவருக்கும் நாமே ஓட்டுப் போட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 2022-ல் நாம் ஓட்டுப் போட்டது வார்டு உறுப்பினருக்கு மட்டும். தலைவரைத் தேர்ந்தெடுத்தது அந்த உறுப்பினர்கள்.