‘நரகக் கப்பல்’ என்றால் என்ன? லிஸ்பன் மாருவை நேச நாட்டு நீர்மூழ்கியே ஏன் தாக்கியது?

இரண்டாம் உலகப் போரில் போர்க் கைதிகளைச் சரக்கறைக்குள் அடைத்து ஏற்றிப்போன ஜப்பானியக் கப்பல்களைத்தான் ‘நரகக் கப்பல்’ என்கிறார்கள். லிஸ்பன் மாரு அப்படி ஒன்று. (‘மாரு’ என்பது ஜப்பானிய வணிகக் கப்பல் பெயர்களில் வழக்கமாக வரும் ஒட்டு.)

1942 செப்டம்பர் கடைசியில் 1,800-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் கைதிகளோடு ஹாங்காங்கிலிருந்து ஜப்பானுக்குக் கிளம்பியது. கூடவே ஜப்பானியப் படைவீரர்களும் இருந்தார்கள். உள்ளே கைதிகள் இருப்பதற்கு வெளியே ஒரு அடையாளமும் இல்லை. சைரனும் இல்லாமல், எழுத்தும் இல்லாமல் நோயாளியை ஏற்றிப்போகும் லாரியை ஆம்புலன்ஸ் என்று யார் கண்டுபிடிப்பது? அக்டோபர் 1 அன்று அமெரிக்க நீர்மூழ்கி ‘குரூப்பர்’ அதை எதிரியின் கப்பலாகவே பார்த்து டார்பிடோ விட்டது.

கொடுமை அதற்கு அப்புறம்தான். கைதிகள் உள்ளே இருக்கும்போதே ஜப்பானியர்கள் சரக்கறை வாயைப் பலகையால் மூடி, தார்ப்பாய் போர்த்திக் கட்டினார்கள். மறுநாள் கப்பல் மூழ்கும் நேரத்தில் உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்களைக் காவலர்கள் சுட்டார்கள். 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சோஷான் தீவுகளின் சீன மீனவர்கள் சிறு படகுகளில் வந்து 384 பேரைக் காப்பாற்றினார்கள்.

இதைக் கைதிகளுக்கென்றே கட்டிய சிறைக்கப்பல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 1920-இல் கட்டிய சாதாரண சரக்குக் கப்பல்தான்.