நுண்பாகப் பொருளியல்: மனனம் செய்தும் புள்ளி வரவில்லையா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பல்கலைக்கழகம் போயிருக்கும் முதலாம் வருட மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது: "உயர்தரத்தில் கலைப்பிரிவு. பொருளியல் எடுக்கவில்லை. கணிதம் சாதாரண தரத்தோடு முடிந்தது. இப்போது நுண்பாகப் பொருளியல் கட்டாயப் பாடம், விரிவுரை ஆங்கிலத்தில். குறிப்பு முழுவதையும் மனனம் செய்தேன். ஆனாலும் இடைப்பரீட்சையில் வரைபு கேட்ட வினாக்களுக்கு ஒன்றுமே எழுத முடியவில்லை. எனக்கு இந்தப் பாடம் சரிவராதா?"

சரிவரும், தங்கச்சி. குறை உங்கள் கணிதத்தில் இல்லை, படிக்கும் முறையில்தான் இருக்கிறது. வரலாற்றைப் படுத்துக்கொண்டும் வாசிக்கலாம். இந்தப் பாடத்துக்குத் தாளும் பென்சிலும் வேண்டும். அறிமுகப் பாடத்தின் பெரும்பகுதிக்குத் தேவைப்படும் கணிதம் நேர்கோட்டுச் சமன்பாடு, படித்திறன் (கோட்டின் சாய்வு), ஒருங்கமை சமன்பாடு, சதவீதம், இவ்வளவுதான். எல்லாமே சாதாரண தரத்தில் நீங்கள் செய்தவை.

புள்ளி அதிகம் பறிபோகும் இடம் ஒன்று உண்டு. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் கடும் மழை, கரட் பாத்திகள் அழுகிவிட்டன, விலைக்கு என்ன நடக்கும் என்று வினா வருகிறது. (2024 ஜனவரியில் கரட் கிலோ 1000 ரூபாவைத் தாண்டியதை வீட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.) பாடத்தில் விற்க வருவதை நிரம்பல் என்றும் வாங்க விரும்புவதைக் கேள்வி என்றும் சொல்கிறோம். பலர் இப்படி எழுதுவார்கள்: "நிரம்பல் குறைந்தது, விலை கூடியது, விலை கூடியதால் கேள்வி குறைந்தது, கேள்வி குறைந்ததால் விலை மறுபடி இறங்கியது." முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் பிழை தொடங்குகிறது. விலை கூடியதால் குறைந்தது கேள்வித் தொகை, அதாவது அந்த விலையில் வாங்கும் அளவு. கேள்வி, அதாவது எந்த விலையில் எவ்வளவு வாங்குவோம் என்ற முழுத் தொடர்பு, குறையவே இல்லை. அந்தத் தொடர்பை வரைபில் காட்டும் கோடான கேள்வி வளையி இருந்த இடத்திலேயே இருக்கிறது. மக்கள் அதே வளையியில் மேல்நோக்கி ஏறியிருக்கிறார்கள். கேள்வி வளையி முழுவதும் இடம் மாற வேண்டுமானால் அந்தப் பண்டத்தின் சொந்த விலை அல்லாத ஒன்று மாற வேண்டும்: வருமானம், போஞ்சி, லீக்ஸ் போன்ற மற்ற மரக்கறிகளின் விலை, விருப்பம், எதிர்பார்ப்பு, வாங்குவோர் தொகை. ஆகவே வினாவை வாசித்ததும் வரைபைத் தொடாதீர்கள். மாறியது எது, அது வாங்குபவர் பக்கத்து விடயமா விற்பவர் பக்கத்து விடயமா, எது மாறவில்லை என்று முதலில் ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரி சரியாக இருந்தால் படம் தானாக வரும்.

இப்போது இதையே எண்களோடு செய்து பாருங்கள். ஒரு சந்தையில் கேள்வித் தொகை = 1000 − 2வி, நிரம்பல் தொகை = −200 + 4வி என்று வைத்துக்கொள்வோம் (வி என்பது விலை, தொகை கிலோவில்; எண்கள் பயிற்சிக்கானவை). இரண்டையும் சமப்படுத்தினால் 6வி = 1200. விலை 200 ரூபா, தொகை 600 கிலோ. மழையால் ஒவ்வொரு விலையிலும் 300 கிலோ குறைகிறது. புதிய நிரம்பல் −500 + 4வி. மறுபடி தீர்த்தால் விலை 250, தொகை 500. 300 கிலோ அழிந்தும் சந்தையில் குறைந்தது 100 கிலோதான். ஏன் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்: விலை ஏறியதால் எஞ்சிய தோட்டங்களிலிருந்து கூடுதலாக வருகிறது, வாங்குபவர்களும் சற்றுக் குறைத்துக்கொள்கிறார்கள்.

விவசாயிகளின் மொத்த வருமானத்தையும் பாருங்கள். முன்பு 200 × 600 = 120,000. இப்போது 250 × 500 = 125,000. விளைச்சல் குறைந்து வருமானம் கூடியிருக்கிறது! மழை இன்னும் மோசமாகி விலை 300 ஆனால் 400 கிலோதான் விற்கும், வருமானம் திரும்பவும் 120,000. இதற்குள்தான் நெகிழ்ச்சி இருக்கிறது, அதாவது விலை ஒரு சதவீதம் மாறினால் வாங்கும் தொகை எத்தனை சதவீதம் மாறும் என்ற அளவு. 200 ரூபாவில் கேள்வி விலை நெகிழ்ச்சி 2 × 200 ÷ 600, அதாவது ஏறத்தாழ 0.67. 250 இல் சரியாக 1. 300 இல் 1.5. (எதிர்க் குறியை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.) கோடு ஒன்றுதான், படித்திறனும் ஒன்றுதான், ஆனால் நெகிழ்ச்சி இடத்துக்கு இடம் வேறு. படித்திறனும் நெகிழ்ச்சியும் ஒன்றென்று நினைத்துப் புள்ளி இழப்பவர்கள் ஏராளம். இந்த ஒரு கணக்கைக் கையால் செய்தவர் அந்தப் பிழையை விடமாட்டார். கூடவே ஒன்று: கூடியது எல்லாருடைய வருமானத்தின் கூட்டுத்தொகை. பாத்தி முழுவதும் அடித்துச் செல்லப்பட்ட குடும்பத்துக்கு விலை ஏற்றத்தால் ஒரு சதமும் வராது. விடையில் அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

வரைபு குழப்புவதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. கணித வகுப்பில் காரணமாக இருப்பதைக் கிடை அச்சிலும் விளைவை நிலைக்குத்து அச்சிலும் குறித்தோம். பொருளியலில் விலை நிலைக்குத்து அச்சில் வருகிறது. பொருளியலாளர் அல்பிரட் மார்ஷல் 1890 இல் வெளியிட்ட நூலில் இப்படி வரைந்தார். அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. அதனால் வரையுமுன் சமன்பாட்டைத் திருப்பிக்கொள்ளுங்கள்: வி = 500 − தொகை ÷ 2. கோடு விலை அச்சை 500 இலும் தொகை அச்சை 1000 இலும் வெட்டும். இரண்டு புள்ளி, ஒரு அடிமட்டம், முடிந்தது.

அடுத்த படி, இரண்டு வளையியும் ஒரே நேரத்தில் நகரும் வினாக்கள். இதற்கு நம் தேயிலையை விட நல்ல உதாரணம் இல்லை. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே வருட இறுதியில் தடை நீங்கினாலும் செடிக்கு விழுந்த அடி நீங்கவில்லை. நிரம்பல் வளையி இடப்பக்கம். 2022 மார்ச்சில் ரூபா சரிந்தது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. வெளிநாட்டுக்கு வாங்குபவர் கையில் இருப்பது டொலர், கொழும்பு ஏலம் நடப்பது ரூபாவில். ஆகவே ரூபாவில் பார்த்தால் கேள்வி வளையி வலப்பக்கம். இரண்டும் விலையை மேலே தள்ளுகின்றன, அதனால் விலை கூடும் என்று உறுதியாகச் சொல்லலாம். தொகையை ஒன்று குறைக்கிறது, மற்றது கூட்டுகிறது. வரைபை மட்டும் வைத்துத் தொகை பற்றி முடிவு சொல்ல முடியாது. உண்மையில் உற்பத்தி 2021 இல் 30 கோடி கிலோ அளவிலிருந்து 2022 இல் 25 கோடி அளவுக்கு இறங்கியது. நிரம்பல் நகர்வே பெரிது என்று அப்போதுதான் சொல்ல முடிகிறது. பரீட்சையில் "தொகை நிச்சயமற்றது" என்று எழுதத் தயங்காதீர்கள், காரணத்தோடு எழுதினால் அதுவே முழு விடை.

எல்லைச் செலவு (இன்னும் ஓர் அலகுக்கு ஆகும் மேலதிகச் செலவு), சராசரிச் செலவு அட்டவணைகளைப் பாடமாக்க வேண்டாம். அம்மாவிடமோ அத்தையிடமோ ஒரு நாள் கொழுந்துக் கணக்கைக் கேளுங்கள். 2024 இல் வந்த 1350 ரூபா நாட்சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பேருக்கு (ஒரு நாட்சம்பளத்துக்கு) 18 கிலோ, அதற்கு மேல் எடுக்கும் கிலோவுக்கு 50 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 18 கிலோவில் தோட்டத்துக்குக் கிலோவுக்கான சராசரிக் கூலிச் செலவு 75 ரூபா. 19 ஆவது கிலோவின் எல்லைச் செலவு 50. இருபது கிலோ எடுத்தால் மொத்தம் 1450, சராசரி 72.50. எல்லைச் செலவு சராசரிக்குக் கீழே இருக்கும்வரை சராசரி இறங்கும் என்ற விதி இதுதான்.

சம்பளம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தோட்டத்துப் பிள்ளைகள் இந்த இடத்தில் மனம் நொந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். குறைந்தபட்ச சம்பளத்தை உயர்த்தினால் வேலையின்மை கூடும் என்று விரிவுரையில் ஒரு வரைபு வரும். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் போராடி 2021 இல் அதைப் பெற்ற சனத்தின் பிள்ளைக்கு அது வலிக்கும். அந்த முடிவு ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது: வேலை கொடுப்பவர்கள் பலர், தொழிலாளி நினைத்தால் அடுத்தவரிடம் போகலாம். லயத்து வீடும் வேலையும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும் இடத்தில் அந்த எடுகோள் பலவீனமானது. வேலை கொடுப்பவர் ஒருவரே என்ற நிலையைப் பொருளியலாளர் ஜோன் ரொபின்சன் 1933 இலேயே ஆராய்ந்தார். அங்கே சம்பளத்தை ஓரளவு உயர்த்துவது வேலைவாய்ப்பைக் கூட்டவும் கூடும். டேவிட் கார்டும் அலன் குரூகரும் 1994 இல் அமெரிக்க விரைவு உணவுக் கடைகளை ஆராய்ந்தபோது சம்பள உயர்வால் வேலை குறைந்ததாகக் காணவில்லை. கார்டுக்கு 2021 இல் நோபல் பரிசு கிடைத்தது. இவர்களோடு இன்றும் முரண்படும் பொருளியலாளர்கள் உண்டு. நீங்கள் முதலில் வரைபைச் சரியாக வரையுங்கள், எடுகோளைப் பெயர் சொல்லி எழுதுங்கள், அது பொருந்தாத இடத்தையும் எழுதுங்கள். கோபத்தில் வரைபை விட்டுவிட்டு வந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

ஆங்கிலம் பற்றி அதிகம் கவலை வேண்டாம். முதல் தவணைப் பாடத்தில் திரும்பத் திரும்ப வருவது சில டசின் கலைச்சொற்கள்தான். கொப்பியின் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே நம் தமிழ்ச் சொல், கீழே சிறு படம். அன்றைய விரிவுரையைத் தமிழில் தோழி ஒருத்திக்கு விளங்கப்படுத்துங்கள். தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு விரிவுரையாளரிடம் போய்க் கேளுங்கள். "எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, சேர்" என்பதை விட "இந்தப் படியில் ஏன் வளையி நகரவில்லை, சேர்?" என்று கேட்டால் உதவி உடனே கிடைக்கும். கான் அகாடமி காணொளிகளைக் கம்பஸ் வைஃபையில் பார்த்துவிடுங்கள். லீவில் வீட்டுக்குப் போனால் சிக்னல் கிடைப்பது நிச்சயமில்லை.

கடந்தகால வினாத்தாள்களைப் பரீட்சைக்கு முதல் வாரம் வரை பத்திரமாக வைத்திருக்காதீர்கள். ஒவ்வொரு தலைப்பும் முடிந்த அன்றே அதற்குரிய வினாவை, குறிப்பைப் பார்க்காமல், நேரம் வைத்துச் செய்யுங்கள். பொருளியலைச் சிறப்புப் பாடமாகத் தொடர எண்ணினால் அடுத்த கட்டத்தில் வகையீடு (மாறும் வீதத்தைக் கணக்கிடும் கணிதம்) கட்டாயம் வரும். சில இடங்களில் முதல் வருடத்திலேயே தொட்டுவிடுவார்கள். உயர்தரக் கணிதப்பிரிவில் படித்த அறைத்தோழி யாராவது இருந்தால், அடுப்பில் சோறு வேகும் நேரத்தில் அரை மணித்தியாலம் அவரோடு உட்காருங்கள். அடுக்கு ஒன்றை வகையிடும் விதியோடு தொடங்கினால் போதும்.