ரத்தசோகை உள்ள குழந்தைக்கு ஆயுர்வேதம் மட்டும் போதுமா?

3 வயது மகளுக்கு ஹீமோகுளோபின் 9.8, இரும்புச் சொட்டு மருந்துக்குப் பதில் ஆயுர்வேதம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியர் இல்லை. அதே வயதில் என் மகனுக்கும் இதே தொல்லை இருந்ததால் சொல்கிறேன்.

அவன் ஐஸ்கட்டியைக் கடித்துத் தின்பான், சுவரைச் சுரண்டி வாயில் போடுவான். ஊரிலிருந்து சிங்கப்பூரில் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமியார்தான், "மண்ணு திங்கிற பிள்ளைக்கு ரத்தம் இருக்காது" என்று முதலில் சொன்னார். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை, ரத்தசோகையை ஒத்த பாண்டு நோயை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று மண் தின்பதால் வருவது! இன்றைய மருத்துவர்கள் பெரும்பாலும் அதைத் தலைகீழாகச் சொல்வார்கள்: இரும்பு குறைவதால்தான் பிள்ளை மண் தின்கிறது.

பாண்டுவுக்கு ஆயுர்வேதம் கொடுப்பதும் இரும்புதான். மண்டூர பஸ்பம் என்பது பழைய இரும்புக் கசடு. அதைப் பழுக்கக் காய்ச்சி, கோமூத்திரத்தில் திரும்பத் திரும்ப முக்கிப் பொடியாக்குவார்கள். லோகாசவம் இரும்பு சேர்த்துப் புளிக்கவைத்தது, கொஞ்சம் ஆல்கஹாலும் இருக்கும். சொட்டு மருந்துப் புட்டியில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். பஸ்பத்தில் உங்கள் மகளுக்கு எவ்வளவு போகிறது என்று எப்படித் தெரியும்?

மாமியார் கொண்டுவந்த பஸ்ப டப்பாவை நான் திறக்கவில்லை. வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. சில பஸ்ப மருந்துகளில் ஈயம் இருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. ஈயமே ரத்த உற்பத்தியைக் கெடுக்கும், இரும்பு குறைந்த உடம்பு அதை இன்னும் கூடுதலாக உறிஞ்சும்.

முதலில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஃபெரிட்டின் பாருங்கள், அது உடம்பில் சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியா இருக்கிறதா என்றும் கேளுங்கள். தலசீமியாவாக இருந்து இரும்பு குறையாமல் இருந்தால் இரும்பு மருந்தே வேண்டியிருக்காது. சொட்டு மருந்து கொடுத்தால் மலம் கறுக்கும், பயப்படாதீர்கள்.

பாரம்பரியத்தில் நான் எடுத்துக்கொண்டது சமையலைத்தான். இங்கே தேக்கா சந்தையில் முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் கிடைக்கின்றன. கீரையில் உள்ள இரும்பு எளிதில் சேராது, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும்.

அப்புறம் பால். என் பிள்ளை நாளுக்கு நாலு புட்டி குடித்துவிட்டு சோற்றைத் தொடமாட்டான். 500 மில்லிக்குள் வையுங்கள் என்றார் மருத்துவர். மருந்தைவிட அதுதான் பெரும்பாடு. ராத்திரி 2 மணிக்குப் பால் கேட்டு அழுதவனைத் தோளில் போட்டு நடந்தது, டப்பா கொண்டுவந்த அதே மாமியார்தான்.