பதிவு எண்ணின் வாலில் ஒட்டிய எழுத்து: சி மொழியில் பஃபர் ஓவர்ஃப்ளோ எனக்குப் புரிந்த விதம்

சி ஓரளவு தெரியும், பஃபர் ஓவர்ஃப்ளோவை (ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்து நினைவகத்தில் எழுதிவிடுவதை) எங்கிருந்து கற்க ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு தடவை அதைக் கண்ணால் பாருங்கள். விளக்கம் படிப்பதெல்லாம் அப்புறம். நான் பார்த்தது கல்லூரி இரண்டாம் ஆண்டில்.

மதிப்பெண் பட்டியல் போடும் சின்ன புரோகிராம். ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல தகவல்களை அடுத்தடுத்து வைக்கும் ஒரு கட்டு. அதில் பதிவு எண்ணுக்கு 12 பைட் கேரக்டர் அர்ரே (எழுத்துகளின் வரிசை), அதை ஒட்டி மதிப்பெண்ணுக்கு ஓர் இன்ட் (முழு எண்). எங்கள் பதிவு எண்ணில் 12 இலக்கம், அதனால் 12 போதும் என்று வைத்துவிட்டேன். ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பதிவு எண்ணின் வாலிலும் ஓர் ஆங்கில எழுத்து. ஒருவருக்கு டபிள்யூ, இன்னொருவருக்கு ஏ. இரண்டு நாள் அச்சிடும் வரியையே மாற்றி மாற்றி எழுதினேன். சீனியர் அண்ணன் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "டபிள்யூ வந்த பையனோட மார்க் எவ்வளவுப்பா?" என்று மட்டும் கேட்டார்.

87. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி குறியீட்டில் 87 என்றால் டபிள்யூ. ஏ வந்தவர் வாங்கியது 65.

சி-யில் ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) எங்கே முடிகிறது என்பதைக் கடைசியில் வரும் பூஜ்ய பைட்தான் சொல்கிறது. 12 இலக்கத்துக்கு 13 பைட் வேண்டும். உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேன்எஃப் அந்த 13ஆவது பைட்டை மதிப்பெண்ணின் இடத்தில் எழுதியது. பிறகு 87 வந்து அதன் மேல் உட்கார்ந்தது. முடிவுக்குறி போய்விட்டதால் பிரின்ட்எஃப் மதிப்பெண்ணையும் எழுத்தாக அச்சிட்டது. அண்ணன் அதோடு விடவில்லை. திருத்தும் மெனுவில் பதிவு எண்ணை மட்டும் திரும்ப அடிக்கச் சொன்னார். அந்தப் பையனின் 87, 0 ஆகிவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் மதிப்பெண்ணைத் தொடவே இல்லை!

பக்கத்தில் இருப்பது மதிப்பெண் என்றால் இவ்வளவோடு போயிற்று. ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் அர்ரே, ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் இருக்கும். அதற்கு மேலே, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி இருக்கும். அதன் மேல் எழுத முடிந்தவர் புரோகிராமைத் தன் இஷ்டத்துக்கு ஓட்டலாம். 1988 நவம்பர் 2 அன்று பரவிய மாரிஸ் வோர்ம் (கணினிக்குக் கணினி தானே பரவும் புரோகிராம்) நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான். கணினியின் பயனர்களைப் பற்றிய விவரம் தரும் ஃபிங்கர் சர்வரில் 512 பைட் பஃபர், அதில் கெட்ஸ் என்ற சி ஃபங்ஷனைக் கொண்டு படித்தார்கள். வோர்ம் 536 பைட் அனுப்பியது. கெட்ஸுக்கு முகவரி மட்டும்தான் தருகிறோம், எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்ல வழியே இல்லை. 2011இல் வந்த சி தரத்தில் அதை நீக்கியேவிட்டார்கள்.

உங்கள் கணினியிலேயே செய்து பாருங்கள். தனி ஃபங்ஷனில் 16 பைட் அர்ரே, அதில் ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஸ்ட்ர்காப்பி. 32 பிட்டில் கம்பைல் செய்து, ஜிசிசி கம்பைலரின் ஸ்டாக் பாதுகாப்பை அணைத்துவிட்டு, 60 ஏ-க்களைக் கொடுங்கள். பிழை தேட உதவும் ஜிடிபியில் பார்த்தால் திரும்பும் முகவரி 41414141 என்று நிற்கும். 65ஐ ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) எழுதினால் 41, அதே ஏ. பிறகு பாதுகாப்பைத் திரும்பப் போட்டு ஓட்டுங்கள். ஸ்டாக் சிதைந்தது என்று சொல்லி புரோகிராம் தானே நின்றுவிடும்.

நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் என்ற கம்பைலர் வசதியை இன்றிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், ஏகப்பட்ட பிழைகளை அந்த வரியிலேயே காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரே ஸ்ட்ரக்டுக்குள் ஓர் உறுப்பிலிருந்து அடுத்ததில் வழிந்தால் அது பிடிக்காது. என் பிழை அந்த ரகம். அளவு சொல்லி நகலெடுக்கும் ஸ்ட்ர்என்காப்பி போட்டால் பாதுகாப்பு என்பார்கள், நம்பாதீர்கள். மூலம் நீளமாக இருந்தால் அது பூஜ்ய பைட்டை வைக்காமலேயே விட்டுவிடும். அளவு சொல்லி ஸ்ட்ரிங்கில் எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் அதைக் கட்டாயம் வைக்கும், எவ்வளவு இடம் தேவைப்பட்டிருக்கும் என்றும் திருப்பிச் சொல்லும்.

என் புரோகிராமில் அர்ரேயை 13 ஆக்கி, ஸ்கேன்எஃப்பில் 12 என்று அகலம் கொடுத்தேன். அந்த 12இல் பூஜ்ய பைட் சேராது, அதற்குத்தான் அர்ரேயில் கூட்டிய அந்த ஒன்று. ஒருவர் 15 இலக்கம் அடித்தால் மீதி மூன்றும் அடுத்த ஸ்கேன்எஃப்பில் போய் மதிப்பெண்ணாக விழுந்தது. அதற்கப்புறம் எஃப்கெட்ஸில் முழு வரியையும் வாங்கி, நீளம் பார்த்து, சரியில்லை என்றால் திரும்பக் கேட்கும்படி மாற்றினேன்.